சிறுவாணியைத் தேடினால் வாணிபமும் சிக்குவது ஏன்?

"சிறுவாணி என்று யார் எழுதினாலும் அடுத்த நொடி என் கணினியின் டெர்மினலில், அதாவது எழுத்து மட்டும் ஓடும் கட்டளைத் திரையில், வந்து விழுகிறது. எப்படி இவ்வளவு வேகம்?" என்று கோவை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

இணைப்பு விஷயம் எளிது. நாம் கொடுத்த சொற்களைச் சமூக வலைத்தளப் பதிவுகளில் தேடும் இந்தக் கருவி, வெப்சாக்கெட் என்ற தொடர் இணைப்பு ஒன்றைத் திறந்து, மூடாமலே வைத்துக்கொள்கிறது. ட்விட்டர் (இன்றைய எக்ஸ்), இப்படிப்பட்ட கருவிகள் பதிவுகளை எடுக்கும் இலவச வாசலை 2023-இல் அடைத்துவிட்டது. அதைப் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கை தன் பதிவுகளை உடனுக்குடன் அனுப்பும் ஜெட்ஸ்ட்ரீம் என்ற ஓடை எல்லோருக்கும் பொது. ஆனால் அது சொல்லைப் பார்த்து வடிகட்டித் தராது. எல்லாப் பதிவுகளும் வரும், சலிப்பது நம் கணினியின் வேலை.

அழகே அந்தச் சலிப்பில்தான். நூறு சொற்களைத் தேட, ஒவ்வொரு பதிவையும் நூறு முறை படிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஏஹோவும் மார்கரெட் கோராசிக்கும் 1975-இல் வெளியிட்ட முறைப்படி, ஒரே முறை படித்தால் போதும்.

சிறுவாணி, வாணிபம் என இரண்டு சொற்களைக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். கருவி இரண்டுக்கும் எழுத்தெழுத்தாகப் பாதை போட்டுக்கொள்கிறது. "சிறுவாணிபம் செய்வோருக்குக் கடன்" என்று ஒரு பதிவு வருகிறது. சி, று, வா, ணி. முதல் பாதை முடிந்தது, சிறுவாணி கிடைத்துவிட்டது. அடுத்த எழுத்து ப. அந்தப் பாதையில் ப இல்லை. திரும்பிப்போய் 'று'விலிருந்து படிக்குமா? படிக்காது. இதுவரை படித்ததன் வால் 'வாணி'. அதுவே இன்னொரு சொல்லின் தலை. தடைபட்டால் எங்கே தாவ வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருப்பதால், நேராக இரண்டாம் பாதையின் நடுவில் போய் இறங்கி 'ப'வைத் தொடர்கிறது. படித்த எழுத்தை மறுபடி தொடுவதே இல்லை! எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத இடம் இது.

சரி, இங்கே கிடைத்த சிறுவாணி பொய்தானே? முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் எடு என்று சொல்லிவிடலாம். அப்புறம் 'சிறுவாணியில்' தப்பிவிடும். ஈரோட்டு மஞ்சள் இன்னும் சிக்கல். 'மஞ்சளை' என்று எழுதும்போது புள்ளி போய் ஐகாரக் குறி வந்துவிடுவதால், 'மஞ்சள்' அதற்குள் இல்லவே இல்லை. வேற்றுமை உருபுகளைப் பிரித்தறியும் தமிழ் மென்பொருள் ஆய்வுக்கு அரசும் நம் பகுதித் தொழிலதிபர்களும் தாராளமாகப் பணம் போட வேண்டும் என்பேன்.

அதுவரை புள்ளியை எடுத்துவிட்டு 'மஞ்சள' என்று கொடுங்கள். திருப்பூர்க்காரர் நூல் விலைக்காக 'நூல' என்று கொடுத்தால் நூலகச் செய்திகளும் சேர்ந்து வரும். 'நூலக' என்பதை விலக்குச் சொல்லாகச் சேர்த்துவிடலாம். அதுவும் அதே பாதைகளோடு சேர்ந்துகொள்ளும், அதற்கென்று இன்னொரு முறை படிக்க வேண்டியதில்லை.