குளக்கீழ்: மதுரைக்கு முகவரியாக இருந்த சொல்

பாண்டியர் கல்வெட்டுகளில் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்ற தொடர் வருகிறது. மாடக்குளம் இன்றும் இருக்கிறது. நகரத்துக்குத் தென்மேற்கே, பசுமலைக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கண்மாய் அது. கோயிலும் கோட்டையும் இருந்த தலைநகரை ஒரு கண்மாயை வைத்தா அடையாளம் சொல்வார்கள்? சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொடரில் எனக்குப் பெரிதாகப் படுவது 'கீழ்' என்ற சின்னச் சொல்தான்.

இங்கே கீழ் என்றால் அடியில் என்று பொருள் இல்லை. கண்மாய்க்குள் நீர் உயரத்தில் நிற்கும். கரைக்கு வெளியே வயல் தாழ்ந்து கிடக்கும். மடையைத் திறந்தால் யாரும் இறைக்காமலே நீர் எதுவரை ஓடிப் பாயுமோ அதுவரை அந்தக் கண்மாயின் கீழ். 'உங்க நிலம் எந்தக் கண்மாய்க்குக் கீழ இருக்கு?' என்று இன்றும் கேட்பது இந்தப் பொருளில்தான். நிலத்தின் சரிவு, தண்ணீரின் மீதுள்ள உரிமை, இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது.

கிழக்கு என்ற சொல்லும் கீழ் என்பதிலிருந்து வந்ததே. மேல் என்பதிலிருந்து மேற்கு. தமிழ்நாட்டு நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிவதால் திசைப் பெயரே சரிவின் பெயராகிவிட்டது. மதுரையின் கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்ற பெயர்களில் இருப்பதும் இந்தக் கணக்குதான். மாடக்குளத்துக்கு வடகிழக்கே இருக்கும் பழைய நகரம் சரிவிலும் திசையிலும் அதற்குக் 'கீழ்' ஆகிறது.

சரி, நகரம் ஏன் அங்கே வந்தது? வடக்கே வைகை. மேற்கிலும் தெற்கிலும் வளைந்து வரும் கிருதுமால் நதி. நடுவில் உள்ள நிலத்தில் பழைய மதுரை. சுற்றிலும் கண்மாய்கள். ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்கு நீர் போகும். நிலம் குழிந்த இடம் பார்த்து நீரைத் தேக்கு என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கே குடபுலவியனார் புறநானூற்றில் எடுத்துச் சொல்கிறார். அவர் கையாளும் தொடர் 'நிலன்நெளி மருங்கு'. பள்ளமான நிலத்துக்கு இதைவிட அழகான பெயர் எனக்குத் தெரியவில்லை. மருதை என்பதே மதுரை ஆயிற்று என்று ஒரு கருத்து உண்டு. பேச்சில் மருதை என்று சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். மருதம் ஒரு மரம், கூடவே வயலும் வயல் சார்ந்த நிலமும்.

அப்புறம், ஒரு குளத்தின் நீரோ அணையின் நீரோ பாயும் நிலப்பரப்பைக் குறிக்க 'ஆயக்கட்டு' என்ற சொல் வந்தது. பொதுப்பணித்துறைக் கோப்பு முதல் நாளிதழ்ச் செய்தி வரை இன்று அதுதான் புழங்குகிறது. ஆங்கிலத்திலும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆயம் என்பது வரி, வருவாய். அந்தச் சொல் நிலத்தைக் கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்க்கிறது என்று எனக்குப் படுகிறது. 'பாசனப் பரப்பு' என்றாலும் ஏக்கர் தெரியும், நீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. குளக்கீழ் என்றால் தெரிந்துவிடும். ஆகவே ஆயக்கட்டுக்கு நல்ல தமிழ் தேடுபவர்கள் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. குளக்கீழ், கண்மாய்க்கீழ், அணைக்கீழ் என்று எழுதலாம். கல்வெட்டுத் தமிழ் என்றாலும் படிக்கிற யாருக்கும் புரியும்.

தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி என்று மதுரையின் இடப்பெயர்களில் நீர் இன்னும் நிற்கிறது. உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் இயங்குவது அந்த உலகனேரியில்தான். கிருதுமால் சாக்கடையாகிவிட்டது, அந்தப் பெயரைச் சொன்னால் அது ஒரு நதி என்று நகரத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. மாடக்குளத்துக்குக் கிழக்கே பழங்காநத்தம் பக்கம் இப்போது தெருத்தெருவாக வீடுகள். சரிவு மட்டும் மாறவில்லை. அந்த வீடுகளும் மாடக்குளக்கீழ்தான்.