ஒரு படி கீழ இருந்தாலும் ஆயுசு ஏன் குறையுது?

1967ல லண்டன்ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, வைட்ஹால் ஆய்வுன்னு பேரு. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை வருஷக்கணக்குல கவனிச்சாங்க. யாரும் பட்டினி இல்ல, யாரும் சுரங்கத்துல புழுதியை சுவாசிக்கல, மாசாமாசம் சம்பளம், நோய் வந்தா இலவச அரசு வைத்தியம். இருந்தும் 10 வருஷம் கழிச்சு கணக்கு பாத்தா, கடைநிலை ஊழியர்கள் சாகுற வீதம் உச்சத்துல இருந்த அதிகாரிங்களை விட சுமார் 3 மடங்கு, அதுவும் வயசு வித்தியாசத்தை எல்லாம் சரி பண்ணினதுக்கு அப்புறம்!

என்னை ரொம்ப உலுக்கினது வேற விஷயம். இது மேல ஒரு கூட்டம், கீழ ஒரு கூட்டம்னு ரெண்டா பிரியல, ஏணி மாதிரி இறங்குது. நல்ல சம்பளத்துல ரெண்டாவது படியில இருக்குறவருக்குக் கூட முதல் படியில இருக்குறவரை விட சாவு ஆபத்து அதிகம். அப்போ இது வறுமை மட்டும் சம்பந்தப்பட்டது இல்லன்னு ஆகுது.

சிகரெட்தான் காரணமா இருக்கும்னு உடனே தோணும். கீழ இருந்தவங்க அதிகமா பிடிச்சாங்க, உண்மைதான், ஆனா சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் சேத்து கழிச்சாலும் இதய நோய் வித்தியாசத்துல பெரும்பகுதி அப்படியே நின்னுச்சு.

மீதி எங்கேருந்து வருது? நோய்கள் யாருக்கு ஏன் வருதுன்னு ஆராயுற டாக்டர் மைக்கேல் மார்மட்டோட குழு 1985ல 10,308 பேரோட ரெண்டாவது ஆய்வு ஆரம்பிச்சாங்க, இந்த தடவை பெண்களும் உண்டு. எதை எப்ப எப்படி செய்யணும்னு தானே முடிவு பண்ண முடியாத வேலையில இருந்தவங்களுக்கு பின்னாடி இதய நோய் அதிகமா வந்துச்சு. வேலைப்பளு பெரிய அதிகாரிக்கும் உண்டு, ஆனா கடிவாளம் அவர் கையில இருக்கு. அது இல்லாதப்போ உடம்பு எப்பவும் உஷார் நிலையிலேயே இருக்கும், கார்டிசால், அட்ரினலின் சுரந்துட்டே இருக்கும், ஒரு நாய் துரத்துறப்போ நம்மளைக் காப்பாத்துற அதே ஹார்மோன்கள் வருஷக்கணக்குல ஓடினா பிரஷரையும் சர்க்கரையையும் ஏத்தி ரத்தக்குழாயை அரிக்கும்னு விளக்குறாங்க.

ஆனா அவசரப்படக் கூடாது, சில நேரம் வேலை ஆளை மாத்துறதுக்கு முன்னாடியே ஆள் வேற மாதிரி இருப்பார். லண்டன் பஸ் டிரைவர்களுக்கு மாரடைப்பு கண்டக்டர்களை விட அதிகம்னு ஜெர்ரி மோரிஸ்ங்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1953ல காட்டினார், மாடி பஸ்ல படி ஏறி இறங்குறதுதான் கண்டக்டரைக் காப்பாத்துதுன்னாங்க. அப்புறம் அவரே யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பாத்தா, இளவயசு டிரைவர்களுக்கே கண்டக்டர்களை விட இடுப்பு பெருசா இருந்துச்சு. அதனாலதான் ரெண்டாவது வைட்ஹால் ஆய்வை நான் பெருசா மதிக்கிறேன், அங்க வேலை எப்படின்னு முதல்ல கேட்டு வச்சுட்டு, நோய் புதுசா யாருக்கு வருதுன்னு அதுக்கப்புறம்தான் பாத்தாங்க.