கண்காணி: ‘தலைமைத்துவம்’ விழுங்கிய சொல்

“தலைமைத்துவத்தை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்.” பைபிளில் பவுல் எழுதிய 1 தீமோத்தேயு 3:1ஐ இப்படி மாற்றிச் சொல்லாத பிரசங்கியார் இப்போது அபூர்வம். பயிற்சிக் கையேடுகளிலும் இதே கதைதான். பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில், அந்த இடத்தில் இருப்பது ‘கண்காணிப்பு’. அடுத்த வசனத்தில் ‘கண்காணியானவன்’. யார் கேட்டார்கள் இதை மாற்றச் சொல்லி?

மூலச்சொல் கிரேக்க ‘எபிஸ்கொபொஸ்’. எபி என்றால் மேல், ஸ்கொபொஸ் என்றால் பார்ப்பவன். லத்தீன் வழியாகத் தேய்ந்து ‘பிஷப்’ ஆனதும் இதுவே. தமிழில் கண், காண் இரண்டும் சேர்ந்து கண்காணி. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் மேற்பார்வை செய்பவர்களாக ‘ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்’ வருகிறார்கள். திருமந்திரம் இறைவனையே கண்காணி என்கிறது: “கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார், கண்காணி இல்லா இடமில்லை.” 1 பேதுரு 2:25 கிறிஸ்துவை ‘ஆத்துமாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியுமானவர்’ என்கிறது. இத்தனை கனமான சொல் கையில் இருக்கிறது.

இனி ‘தலைமைத்துவம்’. தலை என்பதோடு ‘மை’ சேர்ந்ததுமே அது பண்புப்பெயர் ஆகிவிட்டது. ‘துவம்’ என்ற வடமொழி விகுதி செய்வதும் அதே வேலைதான். பெருமைத்துவம், இளமைத்துவம் என்று யாராவது சொல்கிறார்களா? முதலாளித்துவம் இருக்கிறதே என்பார்கள். அங்கே விகுதி ஆளைக் குறிக்கும் பெயரோடு ஒட்டியிருக்கிறது. பண்புப்பெயரின் மேல் ஏறி உட்காரவில்லை. ‘தலைமை என்றால் பதவி, தலைமைத்துவம் என்றால் ஆற்றல்’ என்று ஒரு சமாதானமும் உண்டு. ஆற்றலைச் சொல்லத் தலைமைப்பண்பு இருக்கிறது, செயலைச் சொல்லத் தலைமை தாங்குதல் இருக்கிறது. ‘லீடர்ஷிப்’ என்ற ஆங்கிலச் சொல் நீளமாக இருப்பதால் தமிழும் நீண்டால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்களோ என்னவோ. ‘ஊழியத் தலைமைத்துவம்’, ‘தேவபக்திக்குரிய தலைமைத்துவம்’ என்று இப்போது அதற்கு அடைமொழி வேறு.

இலக்கணத்தைக்கூட மன்னிக்கலாம். பொருளைக் கெடுப்பதுதான் பொறுக்கவில்லை. பவுல் ‘நல்ல பதவி’ என்று எழுதவில்லை, ‘நல்லவேலை’ என்றார். கண்காணிப்பு என்பது வேலை, தலைமைத்துவமோ காதில் விழும்போதே நாற்காலியாகிவிடுகிறது. கண்காணியின் கண் மந்தையின்மேல், அதாவது சபையின்மேல், இருக்கிறது. தலைவன் என்றதும் எல்லாருடைய கண்ணும் அவன்மேல் திரும்புகிறது. “தங்களையே மேய்க்கிற” மேய்ப்பருக்கு ஐயோ என்று எசேக்கியேல் 34 சொல்வது இந்தத் திருப்பத்தைத்தான். 1 பேதுரு 5:3ம் ‘இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாக’ என்று சொல்லித்தான் கண்காணிப்புச் செய்யச் சொல்கிறது.

ஆளைத் தெரிந்தெடுக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 1 தீமோத்தேயு 3இன் பட்டியலைப் பாருங்கள்: மதுபானப்பிரியன் அல்ல, அடிக்கிறவன் அல்ல, பணஆசையில்லாதவன், அந்நியரை உபசரிக்கிறவன், நூதன சீஷன் (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன்) அல்ல, புறம்பானவர்களிடமும் நற்சாட்சி பெற்றவன். திறமை என்று சொல்லத்தக்கது ‘போதகசமர்த்தன்’, அதாவது போதிக்கத் தெரிந்தவன், ஒன்றுதான். சொந்தக் குடும்பத்தை நடத்துவதையும் சேர்த்தால் இரண்டு. மோசேக்கு அவருடைய மாமன் எத்திரோ சொன்னதும் இதே மாதிரி: திறமையுள்ள மனிதர் வேண்டும், ஆனால் தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள் (யாத்திராகமம் 18:21). பேச்சுத்திறன், ஆள்சேர்க்கும் திறன் எதுவும் இதில் இல்லை. தலைமைத்துவம் என்று தேடப்போனால் முதலில் அகப்படுவது அந்த இரண்டும்தான்.

‘கண்காணி என்றால் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வருகிறானே’ என்று கேட்பது நியாயம். இலங்கையிலும் மலாயாவிலும் ஆள்பிடித்துக் கொண்டுபோய்க் கடனில் கட்டிவைத்த கங்காணிகளால் சொல்லில் கறை படிந்தது. அதற்காகச் சொல்லையே தள்ளிவிட வேண்டியதில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘சபைக் கண்காணிப்பாளர்’ என்றது. தேர்வு அறை வாடை கொஞ்சம் அடிக்கிறது, இருந்தாலும் வேர் அப்படியே இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. என் முதல் தேர்வு கண்காணி, அடுத்தது இது. ‘பேராயர்’ வேண்டாம். கத்தோலிக்கர் ஆயருக்கும் (பிஷப்புக்கும்) மேலே இருப்பவரை அப்படி அழைக்க, தென்னிந்தியத் திருச்சபையார் பிஷப்பையே அப்படி அழைக்கிறார்கள். மேலும் தீத்து 1இல் மூப்பரும் கண்காணியும் ஒரே ஆள்தான், அவருக்கு மேலே வைக்கும் பட்டம் அங்கே பொருந்தாது.

பழைய திருப்புதலில் எதையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ரோமர் 12:8இல் ‘முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்’ என்று இருக்கிறது. முதல்வனாய் நின்று ஆள்கிறவன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். இன்று வாசித்தால் கடைக்காரருக்குச் சொன்ன எச்சரிக்கை போலிருக்கிறது. அங்கே கிரேக்கச் சொல்லுக்கே முன்நிற்பவன் என்றுதான் பொருள். ‘தலைமை தாங்குகிறவன்’ என்று தாராளமாக மாற்றலாம், துவம் இல்லாமல்.