பொது இடம்தானே என்று சொல்வதற்கு முன்

இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. என்னிடம் வார இறுதிப் பயிற்சிக்கு வரும் இளைஞர் ஒருவர், தன் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளியுள்ள ஒரு பட்டறையின் வாசற்படியில் கண்மூடி அமர்ந்திருந்த முதியவரை எதிர்மாடியிலிருந்து, தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 200 மி.மீ. டெலி லென்ஸில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ‘கைவிடப்பட்ட முதுமை’ என்று தலைப்பிட்டுச் சமூக ஊடகத்தில் பதிவேற்றிவிட்டார். ஒளியில் குறை சொல்ல முடியாத படம்தான். ஆனால் அந்தப் பெரியவர் கைவிடப்பட்டவர் அல்லர், பட்டறையே அவருடையது. காலை முழுவதும் வேலை பார்த்துவிட்டு, சாப்பிட்ட பிறகு சற்றுக் கண்ணயர்ந்திருக்கிறார். மாலைக்குள் படம் அவருடைய பேத்தியின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் அவருடைய மகன், ‘அப்பாவை நாங்கள் தெருவில் விட்டுவிட்டோம் என்று எழுதியது யார்?’ என்று கேட்டு வந்து நின்றபோது, நம் இளைஞரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது: ‘பொது இடத்தில்தானே சார் எடுத்தேன்.’

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே இதை யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அதைச் சந்தேகிக்க எவருக்கும் தோன்றுவதில்லை. இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அந்த இடத்தில் நின்று படமெடுக்கலாமா என்பது முதல் கேள்வி. எடுத்ததை வெளியிடலாமா என்பது இரண்டாவது. வெளியிடும்போது அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாமா என்பது மூன்றாவது. பொது இடம் என்ற வாதம், பெரும்பாலான நாடுகளில், முதல் கேள்விக்கு மட்டுமே ஓரளவு பதிலாகும். இரண்டாவதற்கு நாட்டுக்கு நாடு பதில் மாறும். மூன்றாவதற்கு அது பதிலே அல்ல. ஒருவரைப் பற்றிப் பொய்யானதை எழுதி அவமதித்தால், அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

சட்டம் எப்படியெல்லாம் மாறும் என்பதற்குச் சில உதாரணங்கள். 1898-இல் ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் (சான்சலர்) பிஸ்மார்க் இறந்து கிடந்த அறைக்குள் இரண்டு புகைப்படக்காரர்கள் அத்துமீறி நுழைந்து படமெடுத்தது பெரும் சர்ச்சையானது. அதன் விளைவாக 1907-இல் ஜெர்மனியில் வந்த சட்டம், ஒருவரின் உருவத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது. ஊர்வலம், பொதுக்கூட்டம், காட்சியின் ஓரத்தில் தற்செயலாக விழும் உருவம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஒரு கட்டடத்தின் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை ஒரு கலை இதழ் அவருடைய அனுமதியின்றி வெளியிட்டது. படம் இழிவானதல்ல, இதழும் சிறியதுதான். ஆனாலும் 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடாக 2,000 டாலர் வழங்கியதைச் சரி என்றது. இதற்கு நேர்மாறாக, டைம்ஸ் சதுக்கத்தில் நடந்துபோனவர்களை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா எடுத்த படங்கள் குறித்த வழக்கை, அவை கலைப் படைப்புகள் என்று கூறி நியூயார்க் நீதிமன்றம் 2006-இல் தள்ளுபடி செய்தது. ஆகவே, வேறு நாட்டுக்காரர் ஒருவர் காணொளியில் சொன்ன சட்டத்தை உங்கள் தெருவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறையாவது கேளுங்கள்.

சட்டத்தை விட்டால் மரபைத் துணைக்கு அழைப்பார்கள். கேட்காமல் எடுப்பதுதான் தெருப் புகைப்படக் கலையின் பரம்பரை வழக்கம் என்பார்கள். 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடி டகேர் தன் சன்னலிலிருந்து எடுத்த பாரிஸ் தெருவில், காலணிக்கு மெருகு போடக் கொடுத்தபடி ஒரே இடத்தில் நின்ற மனிதரிடமும் யாரும் அனுமதி கேட்டிருக்க வழியில்லைதான். ஆனால் ஒரு படம் பதியவே பல நிமிடம் பிடித்த அந்த ஒளிப்பதிவில், அசையாமல் நிற்காமல் நடமாடிய கூட்டம் முழுவதும் மறைந்து, எறும்பளவில் எஞ்சிய அந்த உருவம் யாருடையது என்று இன்றுவரை எவராலும் சொல்ல முடியவில்லை. உங்கள் கைப்பேசி எடுக்கும் முகத்தை அடுத்த தெருக்காரர் நொடியில் அடையாளம் காண்கிறார். அதே பாரிஸைப் பிறகு பல்லாண்டுகள் சுற்றிச் சுற்றி எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அட்ஜேவை எடுத்துக்கொள்ளுங்கள். முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா, படம் பதியும் கண்ணாடித் தட்டு, மெதுவான ஒளிப்பதிவு ஆகியவற்றை வைத்துக்கொண்டு தெரு வியாபாரிகளை அவரால் ஒளிந்திருந்து எடுத்திருக்க முடியாது. அவர்கள் தெரிந்தேதான் நின்றார்கள். அந்தப் படங்களில் உயிர் இல்லை என்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம்.

சுற்றுலா வந்தவர் தவறாக எடுத்த படம் அவரோடு விமானம் ஏறிவிடும். சொந்த நகரத்தில் எடுத்த படம் உங்களோடு அதே பேருந்தில் வரும். நீங்கள் எடுத்தவரும், அவரை அறிந்தவர்களும், உங்கள் படத்தைப் பார்ப்பவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். கடன்காரருக்குத் தெரியாமல் இடம் மாறியவரும், வீட்டாருக்குச் சொல்லாமல் வேலைக்குப் போகும் பெண்ணும், பிரிந்துபோன கணவனுக்குப் பயந்து வாழ்பவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம், அவர்கள் நெற்றியில் அது எழுதியிருக்காது. பழக்கம் இன்னொரு வகையிலும் கண்ணை மறைக்கும். தினமும் பார்ப்பவர் என்பதாலேயே அவருடைய கதை நமக்குத் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். பட்டறைக்காரர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

இனி செய்ய வேண்டியவை. தூரத்து மாடியிலிருந்து டெலி லென்ஸில் மனிதர்களை எடுக்காதீர்கள். பறவைகளுக்கு அது பொருந்தும். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸுடன் அருகில் போய், கேமரா கழுத்தில் தெரியும்படி அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், பிறகு அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். இயல்பான படம் அதன் பிறகுதான் கிடைக்கும். புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார் என்பதை லென்ஸ் விளம்பரம் பார்க்கும் போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் திரையில் காட்டுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் அவர் கண்முன்னே அழியுங்கள். ‘இது என் உரிமை’ என்று நடுத்தெருவில் வழக்காடாதீர்கள். தூங்குபவர், நோயாளி, அழுபவர், குளிப்பவர் ஆகியோர் மறுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள், அவர்களை விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டே ஆக வேண்டும். பள்ளிச் சீருடையும் இருப்பிடமும் தெரியும்படி ஒருபோதும் வெளியிடாதீர்கள். வழிபாடு, இறுதிச் சடங்கு போன்றவற்றில் முதலில் அங்கே பொறுப்பில் இருப்பவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். கதவு திறந்திருப்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பேசி கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். மூலக் கோப்பை அப்படியே அனுப்பினால், நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கூடவே போகும். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு நிம்மதியடையாதீர்கள். சட்டை, நடை, பின்னாலுள்ள பெயர்ப்பலகை ஆகியவற்றை வைத்தே ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். ‘வறுமை’, ‘தனிமை’, ‘நம்பிக்கை’ என்றெல்லாம் முகத்தின் மேல் ஒட்டாதீர்கள். எந்த இடம், எந்த நாள், என்ன வேலை நடக்கிறது என்று எழுதினால் போதும். இருபது ஆண்டுகள் கழித்து அந்த நகரத்தைத் தேடுபவருக்குப் பயன்படப்போவதும் அந்த விவரங்கள்தான். முடிந்தால் அடுத்த வாரம் ஒரு சிறிய அச்சுப்படம் எடுத்துப் போய்க் கொடுங்கள். சொந்த ஊரில் படம் எடுப்பவருக்கு மட்டுமே எளிதாக வாய்க்கும் வசதி அது, அதைத்தான் பலரும் வீணடிக்கிறார்கள்.

பட்டறைக்காரரிடம் நானும் அந்த இளைஞரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதிகம் பேசவில்லை. நான்கு நாட்களாகப் படியில் அமர்வதில்லை என்று அவருடைய மகன் சொன்னார். இளைஞர் தன் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டார். பகிர்ந்தவர்களின் பக்கங்களில் அது அதே தலைப்போடு இருக்கிறது, ஒவ்வொருவராகத் தேடி எழுதி நீக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.