லண்டன் சட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பமா? சுங்கை சிப்புட் பிள்ளைகள் கவனிக்க

மலேசியாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய 9 மாத சேம்பரிங் (மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி) வேண்டும். வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் அதற்கு முன் சி.எல்.பி. என்ற தகுதித் தேர்வை எழுதியாக வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர் ஆவதற்கு எஸ்.கியூ.இ. என்ற தகுதித் தேர்வும் இரண்டாண்டு பணி அனுபவமும் தேவை. பெரிய நிறுவனங்கள் அந்த இரண்டாண்டை டிரெய்னிங் கான்ட்ராக்ட் என்ற பயிற்சி ஒப்பந்தமாகத் தருகின்றன. பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு துறை, மொத்தம் நான்கு துறைகள். வேலை தொடங்குவதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே ஆள் எடுத்துவிடுவார்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பப் பாரத்தில் முதல் சிக்கலே பெயர்தான். நம் அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு முன் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) என்று இருக்கும். லண்டன் நிறுவனங்கள் முதல்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டம் வைத்திருக்கும். ஒரு பாரத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் ஏ/பி என்று மாற்றி மாற்றி எழுதினால், பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பிலும் விசாவிலும் இழுபறிதான். கடப்பிதழில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

‘எங்கள் நிறுவனம் ஏன்?’ என்ற கேள்விக்கு ‘உலகப் புகழ் பெற்றது’ என்று எழுதாதீர்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி வேறு எவருக்கும் அனுப்பக்கூடிய பதில் அது. அண்மையில் அவர்கள் கையாண்ட ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அதில் வழக்கறிஞர்களின் வேலை என்ன, அது உங்களை ஏன் இழுத்தது என்று சொல்லுங்கள்.

தோட்டத்துப் பின்னணியை மறைப்பவர்களும் உண்டு, அழுகைக் கதையாக்குபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். ‘அப்பா செம்பனை வெட்டுபவர், கஷ்டப்பட்டுப் படித்தேன்’ என்பதில் நீங்கள் செய்தது எதுவும் இல்லையே! ‘சனிக்கிழமைகளில் மாமாவின் மளிகைக்கடையில் கடன் புத்தகம் பார்த்தேன். பாக்கிக்காரர்களுக்கு வாரத் தவணை போட்டுக் கொடுத்தேன். பேரம் பேசியதும் கணக்கு முடித்ததும் நான்தான்’ என்று எழுதினால், வாடிக்கையாளரைச் சமாளிக்கத் தெரிந்தவர் என்பது தானாகவே தெரியும். வசூலான தொகை தெரிந்தால் அதையும் போடுங்கள்.

இணையத் தேர்வாகப் பல நிறுவனங்கள் வாட்சன் கிளேசர் என்ற தர்க்கச் சிந்தனைத் தேர்வை வைக்கின்றன. பத்தியில் சொல்லாததை நம் பொது அறிவிலிருந்து சேர்த்துப் பதில் சொல்வதுதான் அதில் பலரை வீழ்த்துகிறது. வீட்டில் லைன் தடுமாறினால் ஈப்போவில் நல்ல இணையம் உள்ள இடத்துக்குப் போய் எழுதுங்கள். பாதியில் அறுந்தால் மறுவாய்ப்பு நிச்சயமில்லை.

குளிர்காலத்தில் லண்டனில் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 7.59. ஆனால் கடைசி நாளுக்குக் காத்திருக்கவே வேண்டாம். வரும் விண்ணப்பங்களை வர வரப் படித்து இடங்களை நிரப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேலை விசாவுக்கு நிறுவனம் பொறுப்பேற்குமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரியுங்கள்.

லண்டன் கைகூடவில்லையா? சர்வதேச நிறுவனங்களோடு இணைந்த கோலாலம்பூர் நிறுவனங்களில் சேம்பரிங் முயலுங்கள். எஸ்.கியூ.இ.க்கான இரண்டாண்டு அனுபவத்தை நான்கு இடங்கள்வரை பிரித்துச் சேர்க்கலாம், வெளிநாட்டு வேலையும் கணக்கில் வரும். ஆனால் உங்கள் வேலையை அறிந்த இங்கிலாந்து சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று சேரும்போதே கேளுங்கள். செய்த வேலைகளை வாரந்தோறும் குறித்து வையுங்கள். கட்சிக்காரர் பெயர் மட்டும் அதில் வேண்டாம்.