'பாவம், விட்டுவிடுவோம்' என்பவர்களுக்கு ஒரு முன்னாள் தபாலதிபரின் வேண்டுகோள்

கடந்த வாரம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, கடித உறையொன்றை என் விறாந்தை மேசையில் வைத்தார். கனடாவிலிருந்து தம்பியார் அனுப்பிய பதிவுத் தபால் அது. உள்ளே வைத்த காசைக் காணவில்லை. உறையின் மடிப்பில் பழைய பசை மெல்லிய படலமாகவும், அதன்மேல் பிற்பாடு தடவிய பசை திட்டுத் திட்டாகத் தாளைச் சுருக்கியும் கிடந்தன. ஆயுளின் பாதியைத் தபாற் கந்தோர்களில் கழித்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால், கடிதம் கைக்கு வந்து ஒன்பது மாதங்களாகின்றன. அப்போதே ஏன் முறைப்பாடு எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"தபால் கொண்டுவாறது எங்கட ஊர்ப் பொடியன் ஐயா. வேலை போனால் அவன்ர பிள்ளையள் என்ன செய்யுங்கள்?"

இவ்வாண்டில் இந்தப் பதிலை நான் கேட்பது நான்காவது தடவை.

முறைப்பாடு தீர்ப்பு அன்று. இன்னார்தான் எடுத்தார் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. இந்தத் தபால், இந்த இலக்கம், இந்த நிலையில் வந்தது என்று மட்டும் எழுதினால் போதும். பதிவுத் தபால் அனுப்பிய நாட்டிலும் கொழும்பிலும், பின்னர் பெரிய தபாலகத்திலும் உப தபாலகத்திலும் கைமாறியே உங்கள் படலைக்கு வருகிறது. அந்தக் கைமாற்றங்களின் பதிவுகளை ஒப்பிட்டு, உறை எங்கே பிரிக்கப்பட்டது என்று தேடுவது விசாரணை செய்பவரின் வேலை. நீங்களோ எவரையும் கேளாமல் அந்தப் பொடியனே கள்ளன் என்று மனத்துக்குள் முடிவுகட்டிவிட்டு, பிறகு அவனுக்கு இரக்கம் காட்டுகிறீர்கள். அவன் எடுத்திராவிட்டால், உங்கள் மௌனத்தால் காப்பாற்றப்பட்டவர் வேறொருவர். ஊர் வாயில் அகப்பட்டவன் மட்டும் அவன்.

அவனே எடுத்திருந்தாலும் கணக்கு வேறு. காசுக்காகப் பிரித்த கடிதத்தை எல்லாரும் ஒட்டிக் கொண்டுவந்து தருவதில்லை. அடுப்பில் போடுவது இலகு. அதே பையில்தான் தனிப்பட்ட பரீட்சார்த்தியின் அனுமதி அட்டையும் நீதிமன்ற அழைப்பாணையும், பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்குக் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அனுப்பும் கடிதமும் வருகின்றன. அவர்கள் சார்பில் மன்னிக்க உங்களை யார் நியமித்தது?

காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாயை மூடிவிடுவோம் என்பாரும் உளர். குற்றத்தை மறைப்பதற்கு ஈடாகப் பொருளை மீளப் பெறுவதையும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகவே பார்க்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

கடிதமே வந்து சேரவில்லையென்றால், எழுதுவதற்கு முன் சந்திக் கடையில் ஒருமுறை கேளுங்கள். வீட்டிலக்கமில்லாத எங்கள் ஊர்களில் சாதாரணக் கடிதங்களைக் கடையில் கொடுத்துவிடும் பழக்கம் உண்டு. களவு போனதாக அழுதவர்களின் கடிதங்களைச் சீனி டின்னுக்குப் பின்னாலிருந்து நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அங்கும் இல்லையென்றால் தாமதிக்க வேண்டாம். வெளிநாட்டுப் பதிவுத் தபால் பற்றிய விசாரணையை, அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து 6 மாதங்களுக்குள் கோர வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. அனுப்பியவரிடம் பற்றுச்சீட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று 13 குறிகள் அதில் இருக்கும். உறையைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள், அதை மேலும் கிழிக்கவும் வேண்டாம். முறைப்பாட்டைத் தபாலதிபரிடம் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள். அவர்மீதே ஐயமென்றால் தபால் அத்தியட்சகருக்கு நேரே எழுதுங்கள். கடிதத்துக்குள் காசு வைக்க வேண்டாம் என்று வெளிநாட்டு உறவினருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வங்கி எதற்கு இருக்கிறது?

இரக்கம் காட்டத்தான் வேண்டுமென்றால், உங்களை விசாரிக்கும்போது அந்தக் குடும்பத்தின் நிலையையும் சொல்லுங்கள், அதற்குத் தடையில்லை.

அந்த அம்மாவுக்கு வெளிநாட்டு விசாரணைக்கான காலம் கடந்துவிட்டது. இங்குள்ள தபாலகத்துக்காவது எழுதுவோம் என்று தாளை எடுத்தேன். "அவன்ர பேரைப் போடாதேங்கோ ஐயா" என்றார். அந்தக் கடிதத்தில் பெயருக்கான இடமே இல்லை என்று காட்டிய பிறகுதான் பேனையை வாங்கினார்.