பர்கர் கிண்ணத்தில் பன்னை மட்டும் எடுத்துவிட்டால் போதாது

சர்க்கரை நோய்க்காக உணவு ஆலோசனை பெற வருபவர்களிடம், முதல் சந்திப்பிலேயே ஒரு வாரத்துக்கான உணவுக் குறிப்பை எழுதி வரச் சொல்வது என் வழக்கம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளின் குறிப்புகளில், இரவுச் சாப்பாட்டுக்கு நேராக ‘பர்கர், வெளியில் வாங்கியது’ என்று வாரத்தில் இரண்டு நாட்களாவது எழுதியிருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அண்மைக் காலமாகச் சில குறிப்புகளில் அந்த இடத்தில் ‘பர்கர் பவுல், வீட்டில் செய்தது’ என்ற வரி வரத் தொடங்கியிருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களால் அமெரிக்க வீடுகளில் பரவலான இந்த முறையில், பர்கருக்குள் இருக்கும் கொத்துக்கறி, வெங்காயம், தக்காளி, லெட்டூஸ், ஊறவைத்த வெள்ளரி, சீஸ், சாஸ் அனைத்தும் பன் இல்லாமல் ஒரு கிண்ணத்தில் வந்து சேர்கின்றன. அரை மணி நேரத்துக்குள் செய்து முடிக்கலாம், காய்கறி நிறைய சேர்கிறது, வெளியில் வாங்கும் செலவும் குறைகிறது என்பதால் நான் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால், பன்னை எடுத்துவிட்டதாலேயே இது நல்ல உணவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்களை அடிக்கடி சந்திப்பதால், இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சில காலத்துக்கு முன் வந்த ஒரு தம்பதியில், கணவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். காலையிலும் இரவிலும் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையை எடுத்து வந்தார். வேலையிலிருந்து வீடு திரும்பவே எட்டு மணியாகிவிடும் அவருடைய மனைவி, கணவருக்காகவே பர்கர் கிண்ணம் செய்யக் கற்றுக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை இரவு முதன்முறையாகப் பரிமாறியிருக்கிறார். சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு எதுவும் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கணவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது; குளுக்கோமீட்டரில் 58 காட்டியிருக்கிறது. மகள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் நிலைமை சீரானது. “அவருக்காகத்தானேம்மா பன்னையே நிறுத்தினேன், அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?” என்று மனைவி கேட்டபோது அவருடைய குரலில் இருந்த குற்ற உணர்வு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது, ஏனென்றால் இந்த மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை; நாம் அன்றைக்கு எவ்வளவு மாவுச்சத்து சாப்பிட்டோம் என்பதைப் பார்த்து அவை வேலை செய்வதில்லை. ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் அப்படித்தான். வழக்கமாக மூன்று சப்பாத்தி சாப்பிடுபவருக்கென்று மருத்துவர் தீர்மானித்த அளவு மாத்திரையை, கறியும் இலையும் மட்டும் சாப்பிட்ட இரவில் போட்டுக்கொண்டால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எனவே, மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் முதலில் தம் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாகக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. சர்க்கரை இறங்கிவிட்டால், நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் பர்கர் கிண்ணத்தில் மாவுச்சத்து இருக்கும், ஆனால் அளந்து இருக்கும். ஒரு பர்கர் பன்னில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து உண்டு. நடுத்தரமான ஓர் உருளைக்கிழங்கு, அதாவது 150 கிராம், கிட்டத்தட்ட அதே அளவைத் தருகிறது. 100 கிராம் வெந்த சோறும் அவ்வாறே. வேகவைத்த கிழங்கைத் தோலோடு சிறு சதுரங்களாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தோசைக்கல்லில் முறுகவிட்டுப் போட்டால், பொரித்த உருளைக்கிழங்கு கேட்கும் பிள்ளைகளும் மறுப்பதில்லை. வளரும் பிள்ளைகள் பன்தான் வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுங்கள். அப்பாவின் சர்க்கரைக்காகப் பிள்ளையின் தட்டைக் குறைக்க வேண்டியதில்லை.

அதே தம்பதியிடம் சாஸ் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டபோது, “ஒரு கரண்டிதான்” என்றார் மனைவி. அடுத்த முறை வரும்போது அந்தக் கரண்டியைக் கொண்டு வரச் சொன்னேன். குழம்பு ஊற்றும் சிறிய எவர்சில்வர் கரண்டி அது. தண்ணீர் நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தோம். 40 மில்லி பிடித்தது. அந்த அளவு முழுக்கொழுப்பு மயோனைஸில் 250 கலோரிக்கு மேல் இருக்கும். அவர் விலக்கிய பன்னில் இருந்ததோ 150 கலோரிக்குச் சற்று முன்பின். ஆளுக்கு 125 கிராம் என்று போட்ட கோழிக் கொத்துக்கறியைவிட அதன் மேல் ஊற்றிய சாஸில் கலோரி அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அவர் அந்தக் கரண்டியைச் சாஸுக்குப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டார்.

மயோனைஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸைத் தயாரிக்கவும், சேமித்து வைக்கவும், விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டையிலிருந்து வரக்கூடிய சால்மொனெல்லா கிருமி, வேகவைக்காத அந்தக் கலவையில், நம் ஊர் வெப்பத்தில் விரைவாகப் பெருகும் என்பதே காரணம். கடைகளுக்குத் தடை விதித்த அதே பொருளை வீட்டு மிக்ஸியில் அரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றாக நான் சொல்வது இது: மெல்லிய துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 200 கிராம், தக்காளி சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, கடுகுச் சாஸ் ஒரு தேக்கரண்டி, துருவிய பூண்டு ஒரு பல், பொடியாக நறுக்கிய ஊறவைத்த வெள்ளரி ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள். உப்புத் தேவைப்படாது. நால்வருக்கு ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி போதும். மீதத்தை மூடிய பாத்திரத்தில் மூன்று நாட்கள் வரை குளிர்பெட்டியில் வைக்கலாம். பர்கர் சாஸின் புளிப்பும் இனிப்பும் காரமும் இதில் கிடைத்துவிடுகின்றன.

கொத்துக்கறியைக் கையாளும் விதத்தில்தான் நம் வீடுகளில் அதிகக் கவனம் தேவைப்படுகிறது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கின்றன. சூடு பட்டதும் அவை அழிந்துவிடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத பர்கரிலிருந்து ஈ.கோலி ஓ157 என்ற கிருமி பரவி 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். அதன்பின் 1994-இல் அந்நாட்டு வேளாண் துறை, அரைத்த மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தாலே அதைக் கலப்பட உணவாகக் கருத வேண்டும் என்று அறிவித்தது. அரைத்த மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் உள்வெப்பம் 71 பாகை செல்சியஸ், கோழிக்கு 74 பாகை என்பது அத்துறை வீடுகளுக்குத் தரும் அளவு. கிண்ணத்துக்காக வறுக்கும்போது கறியைப் பட்டாணி அளவுக்கு உதிர்த்துவிடுவதால் தடித்த பர்கர் வட்டத்தைவிட இது சீராக வேகும் என்பது இந்த முறையின் பெரிய நன்மை. இருந்தாலும் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கிறதா என்பதைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். கறி வேகும் முன்பே நிறம் மாறிவிடுவதுண்டு. குத்திப் பார்க்கும் உணவு வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கறியைக் கடையில் நம் கண்முன் அரைத்து வாங்கி, அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். தள்ளிப்போகும் என்று தெரிந்தால் உறைபெட்டியில் வைத்து, முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைநீக்க வேண்டும். மேடையில் வெளியே வைத்து உருக வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். இந்தக் கிண்ணத்தில் லெட்டூஸும் வெங்காயமும் பச்சையாகவே சேர்வதால், கறி வெட்டிய பலகையில் அவற்றை வெட்டக்கூடாது. காய்களை முதலில் கழுவி நறுக்கி மூடி வைத்துவிட்டு, அதன்பின் கறியைத் தொடுவது எளிய வழி.

சுவை பெரும்பாலும் வறுப்பதில் இருக்கிறது. அடி கனமான இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, 500 கிராம் கறியை இரண்டு முறையாகப் பிரித்துப் பரப்ப வேண்டும். மொத்தமாகப் போட்டால் நீர் விட்டு, வறுபடாமல் வெந்து வெளிறிவிடும். பரப்பிய பின் இரண்டு மூன்று நிமிடங்கள் கிளறாமல் விட்டால் அடிப்பக்கம் பழுப்பாகி, நாம் பர்கர் மணம் என்று சொல்லும் அந்த மணம் எழும். பிறகு புரட்டி உதிர்த்து, இறுதியில் அரைத் தேக்கரண்டி உப்பு, மிளகு, கொஞ்சம் வெங்காயம் சேர்த்து இறக்கலாம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீஸிலும் தக்காளி சாஸிலும் ஊறவைத்த வெள்ளரியிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால் கறியில் கை அடக்கமாக இருக்கட்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சீஸை விட்டுவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தக்காளி, உருளைக்கிழங்கு அளவுகளைத் தம் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஊறவைத்த வெள்ளரிக்குச் சிறு வெள்ளரியை வட்டமாக நறுக்கி, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, சிட்டிகை உப்பும் சர்க்கரையும் சேர்த்து அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் போதும். லெட்டூஸ் கிடைக்காத ஊரில் மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் நன்றாகவே பொருந்தும், விலையும் குறைவு. கிண்ணத்தின் பாதி காய்கறியாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

சைவ வீடுகளுக்கு 50 கிராம் உலர்ந்த சோயா குருணை இருவருக்குப் போதுமானது. அதில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. வெந்நீரில் ஊறவைத்து, இறுகப் பிழிந்து, அதே முறையில் வறுக்கலாம். ராஜ்மா பயன்படுத்துபவர்கள் இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

வேலைநாள் மாலையில் இது இருபத்தைந்து நிமிடத்தில் முடிய வேண்டுமானால், சாஸும் ஊறவைத்த வெள்ளரியும் முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும். கிழங்கு காலையில் குக்கரில் வெந்து குளிர்பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் காலத்துச் சமையலறையாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதானால் கறி ஒரு டப்பாவிலும் காய்களும் சாஸும் தனித்தனி டப்பாக்களிலும் இருக்கட்டும். கறியை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி, சாப்பிடும் நேரத்தில் கலந்துகொள்ளலாம்.